காற்றை நறுக்கும் நாணல்

முகூர்த்த நாளில் வேப்பம்பட்டுப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது நாதஸ்வரம்தான். மேடைக்குக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வந்திருக்கும். வாத்தியத்தின் கழுத்திலிருந்து ஒரு கொத்து தொங்குகிறதே, அது என்ன? நூலில் கட்டிய நாலைந்து சின்னஞ்சிறு பட்டைத் துண்டுகள், கூடவே ஓர் ஊசி. சிலர் அதை அலங்காரம் என்று விட்டுவிடுவார்கள். விவரம் தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள், ‘ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொன்று’ என்பார்கள்.

இரண்டாவது சந்தேகம் சின்ன வயதுச் சந்தேகம். நாதஸ்வரக்காரர் எதிரே உட்கார்ந்து புளியங்காயைக் கடித்தால் அவரால் வாசிக்க முடியாமல் போய்விடும் என்கிறார்களே, நிஜமா? பக்கத்திலேயே இருக்கும் தவில்காரருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை?

இரண்டுக்கும் விடை வாசிப்பவரின் உதடுகளுக்கு நடுவில், ஓர் அங்குல நீளம்கூட வெளியே தெரியாத சீவாளியில் இருக்கிறது. நாணல் தட்டையில் செய்த இந்தத் துண்டுதான் நாதஸ்வரத்தைப் பேசவைக்கிறது. சாக்ஸபோனிலும் கிளாரினெட்டிலும் ‘ரீட்’ என்ற பெயரில் இதன் உறவுகள் இருக்கின்றன. இந்த அத்தியாயத்தில் இவை எல்லாவற்றையும் சேர்த்து ‘நாக்கு’ என்று அழைப்போம். நாக்கு என்ன செய்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

ஆலைச் சங்கு சொல்லும் பாடம்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகளை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஷிப்ட் மாறும்போது ஒலிக்கும் சங்கு பழக்கமானது. பெயர்தான் சங்கு, உள்ளே இருப்பது சைரன். அதற்குள் துளைகள் போட்ட ஒரு தட்டு மோட்டாரில் சுற்றுகிறது. அதற்கு எதிரே, அசையாமல் நிற்கும் இன்னொரு வளையத்திலும் துளைகள். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் வரும்போது காற்று பீறிட்டு வெளியே வரும், விலகினால் அடைபடும். இப்படித் துண்டு துண்டாக வெளிவரும் காற்றைத்தான் காது ‘ஊ’ என்ற ஒரே ஒலியாகக் கேட்கிறது.

தட்டில் 14 துளைகள் இருந்து, அது விநாடிக்கு 21 முறை சுற்றினால், விநாடிக்கு 294 காற்றுத் துண்டுகள் வெளிவரும். ஹார்மோனியத்தில் இரண்டு கட்டை ஸட்ஜத்தை அழுத்தினால் கேட்கிற ஒலியும் ஏறத்தாழ விநாடிக்கு 294 அதிர்வுகள்தான். சைரனும் ஹார்மோனியமும் ஒரே சுருதியில் நிற்கும். மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்கச் சங்கின் ஒலி கீழிருந்து மேலே ஏறுவதும் இதனால்தான். 1819இல் பிரான்சின் கன்யார் த லா தூர் இப்படியொரு கருவியைச் செய்து, எந்தச் சுரத்துக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணவே அதைப் பயன்படுத்தினார்.

இதிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஒலி பிறக்க ஒரு தந்தியோ தோலோ அதிர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஓடும் காற்றைச் சீரான இடைவெளியில் நறுக்கினாலே போதும். சைரனில் நறுக்கும் வேலையை மோட்டார் செய்கிறது. நாதஸ்வரத்தில் மோட்டார் இல்லை. ஊதுபவர் விநாடிக்கு 294 முறை மூச்சை நிறுத்தி நிறுத்தி விடவும் முடியாது. அப்படியானால் நறுக்குவது யார்? எவ்வளவு வேகத்தில் நறுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குச் சீவாளி என்று பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதில்தான் ஆச்சரியம் இருக்கிறது.

ஊதினால் மூடிக்கொள்ளும் கதவு

பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் லேசாக நசுக்கி, பீப்பீ ஊதாத கிராமத்துப் பிள்ளை இருக்க முடியாது. அந்த நசுங்கிய முனையைக் கவனியுங்கள். இலையின் இரண்டு மடிப்புகள் மேலும் கீழுமாகச் சேர்ந்து, நடுவில் மெல்லிய இடுக்கு ஒன்று. சீவாளியும் இதே அமைப்புதான்: அடியில் வட்டமாகவும் நுனியில் தட்டையாகவும் இருக்கும் இரட்டை நாக்கு.

வாய்க்குள் வைத்து ஊதும்போது அந்த இரண்டு இதழ்களின் வெளிப்புறமெல்லாம் வாயின் அழுத்தம் சூழ்ந்திருக்கிறது. உட்புறம், அதாவது குழலின் பக்கம், அழுத்தம் குறைவு. அழுத்தம் அதிகமான பக்கம் குறைவான பக்கத்தை நோக்கித் தள்ளும். ஆகவே இதழ்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, இடுக்கு சுருங்குகிறது. ஊத ஊதத் திறக்கும் கதவைத்தான் நாம் எதிர்பார்ப்போம். இது ஊத ஊத மூடிக்கொள்ளும் கதவு.

இதனால் ஒரு விசித்திரம் உண்டாகிறது. சாதாரணக் குழாயில் அழுத்தம் கூடினால் ஓட்டமும் கூடும். நாக்கில் அப்படி இல்லை. மெல்ல ஊதத் தொடங்கும்போது காற்றோட்டம் கூடிக்கொண்டே போகும். ‘உஸ்’ என்ற சத்தம் மட்டும் வரும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும், அழுத்தம் கூடுவதைவிட இடுக்கு சுருங்குவது மேலோங்கி, ஊதுவது அதிகமாக அதிகமாக உள்ளே போகும் காற்று குறையும். இன்னும் பலமாக ஊதினால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு, ஒலியே நின்றுவிடும்.

வாத்தியம் பேசுவது நடுவிலுள்ள அந்தத் தலைகீழ்ப் பகுதியில்தான். நாக்கை முழுவதும் மூட எவ்வளவு அழுத்தம் தேவையோ அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது அதிர்வு தொடங்கும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. சாக்ஸபோன் வாசிப்பவரின் வாய்க்குள் இருக்கும் அழுத்தம் 30, 40 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். வெளிக்காற்றைவிட நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் கூடுதல். இரட்டை நாக்கு வாத்தியங்களுக்கு இதைவிட அதிகம் தேவைப்படும். ஐரோப்பிய ஓபோவில் இது ஒரு மீட்டர் தண்ணீர் அளவுக்கும் போவதுண்டு. ஊதுபவரின் கன்னமும் கழுத்து நரம்பும் புடைப்பது சும்மா இல்லை.

ஒரு ஸட்ஜத்தின் பயணம்

இனி இரண்டாவது கேள்வி. நாக்கு எவ்வளவு வேகத்தில் திறந்து மூட வேண்டும் என்று யார் சொல்வது? இரண்டு கட்டை ஸட்ஜம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரேயொரு அதிர்வை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

விநாடிக்கு 294 அதிர்வு என்றால் ஓர் அதிர்வுக்குக் கிடைக்கும் நேரம் 3.4 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஆயிரத்தில் 3.4 பங்கு. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 348 மீட்டர் ஓடும். அந்த 3.4 மில்லி விநாடிக்குள் அது கடக்கும் தூரம் 118 சென்டிமீட்டர். போக 59, வர 59. பாரி என்ற நீண்ட வகை நாதஸ்வரத்துக்குள், மேல்முனையிலிருந்து திறந்திருக்கும் விரல்துளை வரைக்குமான பயணத்துக்கு இது பொருத்தமான தூரம்.

முதலில் சீவாளி திறந்திருக்கிறது, மூச்சு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கணம் இதழ்கள் சட்டென்று மூடுகின்றன. உள்ளே வந்த காற்று அறுபட்டதால், சீவாளிக்கு அடுத்தாற்போல் அழுத்தம் திடீரென இறங்குகிறது. இந்தத் தாழ்வழுத்தம் ஒலியின் வேகத்தில் குழலுக்குள் கீழே ஓடுகிறது.

1.7 மில்லி விநாடியில் அது திறந்த துளையை அடைகிறது. அங்கே குழலின் சுவர் முடிந்து வெளிக்காற்று தொடங்குகிறது. தாழ்வழுத்தம் வந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. அதனால் அலையில் ஒரு சிறு பங்கு வெளியே கசிந்து நம் காதுக்கு வர, மிச்சம் உயர்வழுத்தமாகப் புரண்டு மேல்நோக்கித் திரும்புகிறது. நாம் கேட்கும் இசை, இப்படி ஒவ்வொரு சுற்றிலும் கசிந்துவரும் பங்குதான்.

திரும்பிவரும் அலை மேலே போகப் போகக் குழல் குறுகிக்கொண்டே வருகிறது. நாதஸ்வரம் மேலே ஒடுங்கி, கீழே அணசு என்ற அகன்ற அடிப்பகுதியை நோக்கி விரியும் கூம்பு. கூம்பின் ஒடுங்கிய முனைக்கு ஒரு குணம் உண்டு: அங்கே வந்து சேரும் அலையையும் அது புரட்டிவிடும். இரண்டு முறை புரண்டது பழையபடியே ஆகிவிடுமல்லவா? 3.4 மில்லி விநாடி முடியும்போது சீவாளியின் உட்புறத்தில் மறுபடி ஒரு தாழ்வழுத்தம். உள்ளே அழுத்தம் இறங்க, வெளியே வாயின் அழுத்தம் அப்படியே இருக்க, இதழ்கள் மறுபடி சட்டென்று மூடிக்கொள்கின்றன. அடுத்த சுற்று தொடங்குகிறது.

ஆக, சீவாளியை மூடச் சொன்னது சீவாளி அல்ல, வாசிப்பவரும் அல்ல. கீழே போய்த் திரும்பிவந்த அதே ஒலி. சைரனில் மோட்டார் செய்ததை இங்கே குழலின் நீளம் செய்கிறது. விரலை எடுத்து மேலேயுள்ள துளையைத் திறந்தால் பயணம் குறையும், ஒலி சீக்கிரம் திரும்பும், சீவாளி இன்னும் வேகமாகத் துடிக்கும், ரிஷபம் பேசும்.

சுவரில் உராய்ந்தும் வெளியே கசிந்தும் ஒவ்வொரு சுற்றிலும் அலை கொஞ்சம் இளைக்கிறது. அதை ஈடுகட்டுவது மூச்சு. குழலின் உள்ளே அழுத்தம் உயர்ந்திருக்கும் நேரத்தில் நாக்கு திறந்து காற்றை உள்ளே விடுகிறது. இறங்கும் நேரத்தில் அடைத்துவிடுகிறது. ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் சமயம் பார்த்துத் தள்ளுவது போல, மூச்சின் ஒவ்வொரு துண்டும் சரியான தருணத்தில் சேர்கிறது. மூச்சு ஒரே சீராகத்தான் வருகிறது. தருணம் பார்க்கிற வேலை நாக்குடையது.

சொந்தச் சுருதி இல்லாதவர்

நாக்குக்கென்று சொந்தச் சுருதி கிடையாதா? உண்டு. சாக்ஸபோன், கிளாரினெட் ரீட்டைத் தனியாக விட்டால் விநாடிக்கு 2,000 தடவையோ அதற்கு மேலோ துடிக்கும் இயல்புடையது. குழல் கேட்பதைவிடப் பல மடங்கு வேகம். வேகமான வேலையாள் என்பதால் குழல் எந்தச் சுரத்தைக் கேட்டாலும் நாக்கால் ஈடுகொடுக்க முடிகிறது. எப்போதாவது குழலின் பிடியை மீறி நாக்கு தன் இயல்பில் துடித்தால் காதைப் பிளக்கும் கீச்சொலி வரும். புதிதாகக் கற்பவர் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கீச்சு நன்றாகத் தெரியும். மென்மையான கீழுதடு நாக்கின் மேல் படிந்திருப்பது அந்த அதிர்வை அமுக்கி வைக்கத்தான்.

ஹார்மோனியத்தையும் சுருதிப்பெட்டியையும் திறந்து பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அவற்றிலும் நாக்குகள் உண்டு, பித்தளையில். ஆனால் அங்கே குழல் இல்லை. கட்டளையிட யாரும் இல்லாததால் ஒவ்வொரு நாக்கும் தன் நீளத்துக்கும் எடைக்கும் ஏற்ற ஒரே சுரத்தை மட்டும் பேசும். ஆகவே சுரத்துக்கு ஒரு நாக்கு வேண்டும். நாதஸ்வரத்தில் குழல் எஜமானாக இருப்பதால், மந்தரம் முதல் தாரம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே சீவாளி போதும்.

அப்படியானால், கழுத்தில் தொங்கும் கொத்து சுருதிக்கு ஒன்று என்பது சரியில்லை. அத்தனை சீவாளிகளும் ஒரே வேலைக்கான மாற்று ஆட்கள். எதற்கு அத்தனை பேர் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

கூம்பும் நேர்குழலும்

நாதஸ்வரத்தின் கூம்புக்குப் பதிலாக, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள நேர்குழல் ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? கிளாரினெட் கிட்டத்தட்ட அப்படிப்பட்டது. நேர்குழலில் அலை திறந்த முனையில் மட்டும் புரளும். நாக்கு இருக்கும் முனையில் புரளாது. எனவே முதல் சுற்று முடிந்து திரும்பும்போது அது உயர்வழுத்தமாக வந்து நாக்கைத் திறந்துவிடும். இன்னொரு சுற்றுப் போய்வந்தால்தான் மூட முடியும். ஓர் அதிர்வுக்கு இரண்டு சுற்று.

அதன் விளைவு எண்ணில் தெரியும். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண கிளாரினெட்டின் மிகத் தாழ்ந்த ஒலி விநாடிக்குச் சுமார் 147 அதிர்வு. அதே நீளப் பயணத்தில் கூம்புக்குழல் தந்த 294இல் சரிபாதி. ஒரு ஸ்தாயி கீழே.

மேல் ஸ்தாயிக்குப் போகும்போதும் இரண்டும் வேறுபடும். நாதஸ்வரத்தில் அதே விரலமைப்பில் ஊதும் அழுத்தத்தைக் கூட்டினால் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகத் தாவும். கிளாரினெட்டில் ஸட்ஜத்திலிருந்து தாவினால் மேல் ஸட்ஜம் வராது. அதற்கும் மேலேயுள்ள பஞ்சமம் வரும். இரண்டு சுற்று முறையில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளுக்குத்தான் இடம் உண்டு. இரண்டு மடங்குக்கு இல்லை. ஏ.கே.சி. நடராஜன் போன்றவர்கள் இந்தக் கருவியில் நாதஸ்வர பாணியைக் கொண்டுவந்தார்கள் என்றால், விரல்கள் முற்றிலும் வேறு கணக்கில் ஓடியிருக்க வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு பழைய ஸ்ட்ரா போதும். ஒரு முனையை நசுக்கி, இரு ஓரங்களையும் சாய்வாக வெட்டினால் இரட்டை நாக்கு தயார். உதட்டுக்குள் வைத்து ஊதினால் பேசும். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே வாருங்கள். 20 சென்டிமீட்டர் 15 ஆகும்போது, ஸட்ஜம் ஏறத்தாழ மத்யமம் ஆகியிருக்கும். நாக்கைத் தொடவே இல்லை. குழலை வெட்டியதற்கே சுருதி மாறியது.

கிளாரினெட்டின் வாய், கூம்பின் உடல்

பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814இல் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ், கிளாரினெட் செய்து தேர்ந்தவர். கிளாரினெட்டின் ஒற்றை நாக்கு வாய்ப்பகுதியை ஒரு பித்தளைக் கூம்பின் தலையில் பொருத்தினார். 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். அதுதான் சாக்ஸபோன். முழுக்கப் பித்தளை என்றாலும், ட்ரம்பெட்டோடு இதற்கு உறவு இல்லை. ஒலி பிறக்கும் விதத்தில் இது கிளாரினெட்டின் தம்பி, நாதஸ்வரத்தின் ஒன்றுவிட்ட சகோதரன்.

சாக்ஸபோனில் இரண்டாவது இதழ் கிடையாது. கடினமான வாய்ப்பகுதியின் அடியில் நாணல் பட்டை ஒன்றை வளையத்தால் இறுக்கியிருக்கிறார்கள். நுனியில் அதன் தடிமன் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. வாய்ப்பகுதிக்கும் ரீட் நுனிக்கும் நடுவில் ஒன்றரை, இரண்டு மில்லி மீட்டர் இடுக்கு. சீவாளியில் இரு இதழ்கள் சந்திப்பதற்குப் பதில், இங்கே ஓர் இதழ் சுவரில் மோதுகிறது. மற்றபடி எல்லாம் அதே கதை: கூம்பு, ஓர் அதிர்வுக்கு ஒரு சுற்று, ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம்.

கத்ரி கோபால்நாத்தின் பயணத்தை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். அவர் தந்தை நாதஸ்வரக் கலைஞர். மகனுக்கும் நாதஸ்வரத்தில் பயிற்சி. மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கோபால்நாத், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்று, அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார். அதே ஆண்டு ‘டூயட்’ படம் அவர் சாக்ஸபோனைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கேட்கவைத்தது. பொத்தான்களும் மூடிகளுமாக உள்ள ஐரோப்பியக் கருவியில் கமகம் வராது என்பதுதான் முதலில் எழுந்த ஆட்சேபம். ஆனால் கூம்பும் நாக்கும் இருக்கும் இடத்தில் உதட்டால் சுரத்தை வளைக்கும் வழியும் இருக்கிறது. நாதஸ்வரம் பழகிய உதட்டுக்கு அது தெரிந்த வழி.

உதடு செய்யும் பேரம்

குழல்தான் எஜமான் என்று சொன்னேன். ஆனால் முழு எஜமான் அல்ல. நாக்கின் மேல் உதட்டை இறுக்கினால் இடுக்கு குறுகும், நாக்கு விறைக்கும். அலை அங்கே திரும்பும் கணம் சற்று முந்தும். சுருதி ஏறும். உதட்டைத் தளர்த்தினால் இறங்கும். நாக்கு மென்மையாகவும் குழலின் வாய் குறுகலாகவும் இருந்தால் இந்தச் சலுகை அதிகம். நாதஸ்வரத்தில் இரண்டும் அப்படியே. ஏழு விரல்துளைகளை வைத்துக்கொண்டு, சுரங்களுக்கு நடுவிலுள்ள நுணுக்கமான இடங்களையெல்லாம் உதட்டாலும் மூச்சாலும் பாதி மூடிய விரலாலும் தொடுவது இந்தச் சலுகையில்தான். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் வளைந்து வளைந்து போகும் காந்தாரம், குழல் இடும் கட்டளைக்கும் உதடு கேட்கும் விலக்குக்கும் இடையே ஒவ்வொரு கணமும் நடக்கும் பேரம்.

திருவாவடுதுறையிலிருந்து வரும் நாணல்

ராஜரத்தினம் பிள்ளையின் ஊரான திருவாவடுதுறை, சீவாளிக்கும் பேர்போன ஊர். நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை அங்கிருந்து கிட்டத்தில் இருக்கிறது. ஆச்சா மரத்தில் கடையும் அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் நாணல் வகைத் தட்டையைக் கொண்டுவந்து, காயவைத்து, பக்குவப்படுத்தி, அளவாக நறுக்கி, நுனியைத் தட்டையாக்கி, அடியை நூலால் கட்டிச் சீவாளி செய்கிறார்கள். அதைக் கெண்டை என்ற சிறு உலோகக் குழாயின் மேல் செருகி, கெண்டையை வாத்தியத்தின் தலையில் பொருத்துவார்கள். சாக்ஸபோன் ரீட்டுக்கான நாணலுக்குப் பெயர்போன இடம், தெற்குப் பிரான்சின் வார் பகுதி. இரண்டு நாடுகளிலும் நீர்க்கரைப் புல்தான் இசைக்கு வந்திருக்கிறது. காரணம் அதன் உடலமைப்பு: நீளவாக்கில் ஓடும் வலுவான நார்கள், அவற்றுக்கு நடுவே பஞ்சு போன்ற லேசான திசு. எடை குறைவு, விறைப்பு அதிகம், ஈரம் பட்டால் வளைந்துகொடுக்கும்.

கூம்பின் கூர்நுனியை வெட்டினால்தான் வாயில் வைக்க முடியும். வெட்டிய நுனியின் இடத்தைச் சீவாளியும் கெண்டையும் சேர்ந்து நிரப்புகின்றன. சீவாளியின் உள்ளிடம் அளவு மாறினால், கீழ் ஸ்தாயி சரியாக இருந்தாலும் மேல் ஸ்தாயி விலகிப்போகும். ஒரு வாத்தியத்துக்குப் பொருந்திய சீவாளி இன்னொன்றுக்கு ஒத்துவராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

தடிமனின் கணக்கு இன்னும் கறாரானது. ஒரு பட்டையின் தடிமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதன் விறைப்பு பத்தில் ஒரு பங்கு குறைவதில்லை. நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். சாக்ஸபோன் ரீட்டின் நுனியில் பத்தில் ஒரு பங்கு என்றால் மில்லி மீட்டரில் நூறில் ஒன்று, தலைமுடியைவிட மெல்லியது. கத்தி ஒரு தடவை கூடுதலாகப் பட்டால் வேறு நாக்கு ஆகிவிடும். சாக்ஸபோன் ரீட்டுகளை இயந்திரங்கள் வெட்டி, விறைப்பைப் பொறுத்து 2, 2½, 3 என்று எண் போட்டு விற்கிறார்கள். அப்படியும் ஒரே எண்ணுள்ள ஒரு பெட்டியில் சில நன்றாகப் பேசும், சில பேசாது. இயந்திரம் தடிமனைச் சமப்படுத்தும். உள்ளே நார் ஓடும் விதத்தை அதனால் சமப்படுத்த முடியாது.

புளியங்காய், ஏ.சி., ஈரக்காற்று

இப்போது கொத்துக்கும் புளியங்காய்க்கும் வரலாம். காய்ந்த சீவாளி விறைத்து நிற்கும். முதலில் நனைத்து இளக்கித்தான் வாசிக்கத் தொடங்குவார்கள். வாசிக்க வாசிக்க எச்சில் ஏறி அது மேலும் இளகும், நுனி உப்பும். ஒரு கட்டத்தில் இதழ்கள் மிகத் தளர்ந்து, வழக்கமான மூச்சுக்கே மூடிக்கொள்ளும். அப்போது அதைக் கழற்றிக் காயவிட்டு, கொத்திலிருந்து இன்னொன்றை எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாளில் ஒத்துவரும் சீவாளி பங்குனி வெயிலில் ஒத்துவராமல் போகலாம். ஒன்றை ஊர்வலத்துக்கு, ஒன்றை மண்டபத்துக்கு என்று கைவசம் வைத்திருப்பது வாடிக்கை.

ஏ.சி. மண்டபத்தில் இன்னொரு சிக்கலும் சேரும். காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் குறையும். வெளியே 30 டிகிரி, உள்ளே 22 என்றால் வேகம் ஏறத்தாழ 5 மீட்டர் குறைகிறது, பயணம் தாமதமாகிறது, சுருதி, ஒரு ஹார்மோனியக் கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளியில் நான்கில் ஒரு பங்கு வரை இறங்கலாம். மூச்சின் சூடு குழலுக்குள் இருப்பதால் முழுதும் இறங்காது. ஆனாலும் எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி பக்கத்தில் அசையாமல் ஒலித்துக்கொண்டிருக்கையில், தேர்ந்த காதுக்கு அது தெரிந்துவிடும்.

புளியங்காய்க் கதையில் பாதி உண்மை. சும்மா இருக்கும்போது நமக்கு நிமிடத்துக்கு அரை மில்லி லிட்டருக்கும் குறைவாக ஊறும் எச்சில், புளிப்பு வாயில் பட்டால் பல மடங்காகும். சீவாளியின் இடுக்கு மிகச் சிறியது. ஒரு சொட்டு நீர் அங்கே புகுந்தால் இதழ்களை ஒட்டவைத்துவிடும், ஒலி கரகரக்கும். அதை நீக்கத்தான் கொத்தோடு அந்த ஊசி தொங்குகிறது. புளிப்பை நினைக்கும்போது உதடு தானாகச் சுருங்குவதும், இறுக்கம் மாறிச் சுருதி நழுவக் காரணமாகலாம். தவில் வாசிப்பவருக்கு வாயில் வேலை இல்லை. அதனால் அவருக்குக் கவலையும் இல்லை. மிகைப்படுத்திய பாதி எது என்றால், மற்றவர் தின்பதைப் பார்ப்பதால் ஊறுவது, தானே தின்னும்போது ஊறுவதைவிட மிகக் குறைவு. மேடை பழகிய வித்வானைப் புளியங்காய் அசைக்காது.

மறுபக்கம் திறக்கும் கதவுகள்

இதுவரை பார்த்தவை ஊதினால் மூடும் வகை. ஊதினால் திறக்கும் வகையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். ட்ரம்பெட்டிலும் எக்காளத்திலும் வாசிப்பவரின் உதடுகளே நாக்கு. மூச்சின் அழுத்தம் அவற்றை வெளிப்புறமாகத் தள்ளித் திறக்கும்.

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் நிற்பவர்களின் காதை அடைக்கும் ஹாரனும் இதே வகைதான். அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று காற்றுக்குழாயின் வாயை மூடியபடி இருக்கும். அழுத்தக் காற்று வந்ததும் தகடு விலகும், காற்று கூம்புக்குள் பாயும், அழுத்தம் இறங்கும், தகடு திரும்பி மூடும். அதைக் கவனிக்க உதடு இல்லை, வளைக்க யாரும் இல்லை. ஆகவே ஒரே சுரம்.

இவை எல்லாவற்றிலும் காற்றை நறுக்க ஒரு பொருள் இருந்தது: நாணல், பித்தளை, உதடு, தகடு. புல்லாங்குழலில் அப்படி எதுவும் இல்லை. மூங்கிலில் ஒரு துளை, அதன் விளிம்பின் மேல் உதட்டிலிருந்து வரும் காற்றுப்பட்டை, அவ்வளவுதான். அங்கேயும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஏதோ ஒன்று திறந்து மூடுகிறது. நாக்கே இல்லாத அந்த வாத்தியத்தில் கதவாக இருப்பது காற்றேதான். அது எப்படி என்று அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.